கோலாப்பூர்க் கோதாவிலே

கோலாப்பூர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் சிந்தையில் முதலில் எழுவது அங்கே கோயில் கொண்டருளும் மகாலக்ஷ்மியின் திருவுருவம். வேறு சிலருக்கு அவ்வூர்த் தோற்செருப்பு ஞாபகத்துக்கு வரலாம். இவை இரண்டும் அல்லாத மற்றொரு சிறப்பும் அந்நகருக்கு உண்டு. அதனைக் காண விரும்புவோர் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னரே எழுந்து, பழைய நகரின் குறுகிய வீதிகளிலே நடந்து செல்ல வேண்டும். ஓட்டுக்கூரை வேய்ந்த சில கட்டடங்களின் உள்ளிருந்து, நெல் குற்றுவது போன்ற ஒரு தாளத்தோடு பலர் மூச்சுவிடும் ஒலி கேட்கும். அவைதாம் தாலீம்கள், மல்லர்கள் தங்கி வாழ்ந்து வித்தை பயிலும் கூடங்கள்.

சென்ற டிசெம்பர் விடுமுறையில் மகாலக்ஷ்மி தரிசனத்துக்கெனவே நான் அங்கே சென்றேன். மும்பையில் இரவுப் புகையிரதம் ஏறினால், பொழுது விடியும்போது மிரஜ் சந்தியை அடுத்த கரும்பு வயல்கள் இரு புறமும் கண்ணுக்குத் தென்படும். வெல்லம் காய்ச்சும் வாசனை காற்றிலே வரும். பஞ்சகங்கை ஆற்றங்கரையில், சஹ்யாத்திரி மலைத்தொடருக்குக் கிழக்கே அமைந்தது கோலாப்பூர். அதனை ஆண்ட போன்ஸ்லே குலத்தாரும் நம் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னரும் ஒரே வமிசத்தின் இரு கிளைகள். சிவாஜி மகாராஜாவின் வழியில் வந்தது அக்கிளை. அவருடைய மாற்றாந்தாய் மகனான ஏகோஜியின் வழியில் வந்தது தஞ்சைக் கிளை. ஆதலால் அவ்வூரில் நான் கேட்ட சில சொற்கள் எனக்குப் புதியனவாய்த் தோன்றவில்லை. மல்வித்தை ஆசானை அவர்கள் ‘வஸ்தாத்’ என்கிறார்கள். தமிழ்நாட்டிலே வஸ்தாது என்றால் யாவர்க்கும் விளங்கும். மல்லனைப் பைல்வான் என்பது பாரசீகச் சொல்லின் திரிபு. நாமோ அதனைப் பயில்வான் என்று எழுதி, ‘பயில்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது போலத் தமிழ்ச்சட்டை போட்டுவிட்டோம். தாலீம் என்பதற்குக் கல்வி என்பதே அரபு மொழியில் பொருள். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது.

அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் என்னை அத்தகைய கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். வாயிலில் பாதரட்சையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். ஒரு மாடத்தில் செந்தூரம் பூசிய அனுமார். நடுவிலே, தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக, செம்மண் நிரப்பிய கோதா. அம்மண் வெறும் மண்ணன்று. மோர், எண்ணெய், மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு முதலியவற்றை ஊற்றிப் பிசைந்து பக்குவப்படுத்துகிறார்கள். அதனை நாள்தோறும் மண்வெட்டியால் கொத்திப் புரட்டிச் சமப்படுத்துவது மாணாக்கரின் முதற் கடமை. பதினைந்து நிமிஷம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞன் வெட்டிய மண்ணின் அளவை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எவரும் மெச்சுவர்.

அவர்களுள் எவனைப் பார்த்தாலும் என் கண் கழுத்திலேதான் போய் நின்றது. நம்மில் பெரும்பாலானோருக்குத் தலை வேறு, கழுத்து வேறு, தோள் வேறு. அங்கிருந்த இளைஞர்களுக்கோ காதின் கீழிருந்து தோள்மூட்டு வரை ஒரே சரிவு. பிடரியின் இரு புறமும் தசை திரண்டு, நல்லின எருதின் திமில் போல உயர்ந்திருந்தது. அவர்களுடைய சட்டைகளிற் கழுத்துப் பொத்தான் பூட்டப்படுவதேயில்லை, பூட்டவும் முடியாது.

“மற்றைய விளையாட்டுக்காரர்கள் கையையும் மார்பையும் அல்லவா பெருக்க விரும்புகிறார்கள்? நீங்கள் கழுத்துக்கு இத்தனை மதிப்புக் கொடுப்பது ஏன்?” என்று வஸ்தாதைக் கேட்டேன். அறுபது வயதுக்கு மேற்பட்டவர். இரு காதுகளும் நசுங்கி மடிந்து கிடந்தன.

அவர் சிரித்துவிட்டு, “குருஜி, உங்கள் வகுப்பிலே தலை குனிந்த பிள்ளை தோற்பான், எங்கள் வகுப்பிலும் அப்படியே” என்றார். பிறகு இரு பையன்களை அழைத்துச் செய்து காட்டச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குக் காரியம் விளங்கிற்று. மண்ணிலே நடக்கும் மற்போரில் எதிரியின் முதுகை நிலத்திற் படிய வைத்து, அவன் முகம் வானத்தைப் பார்க்கும்படி செய்தால் வெற்றி. தோற்றவனை ‘ஆகாயம் காட்டப்பட்டவன்’ என்பது அவர்கள் வழக்கு. நின்றபடி பொருதும்போது இருவரும் ஒருவர் பிடரியை மற்றவர் உள்ளங்கையால் பற்றிக் கீழே இழுக்கிறார்கள். தலை தாழ்ந்தால் முதுகு வளையும். முதுகு வளைந்தால் கால் எதிரியின் கைக்கு எட்டும். பிறகு எல்லாம் முடிந்தது. கீழே குப்புற விழுந்தவனைப் புரட்டுவதற்கும் மேலிருப்பவன் முழங்கையையும் முழங்காலையும் ஊன்றுவது கழுத்தின் மேலேதான். புரட்டப்பட்டவனுக்கு இறுதி அடைக்கலமும் அதுவே. உச்சந்தலையையும் பாதங்களையும் மட்டும் நிலத்தில் ஊன்றி, உடலைப் பாலம் போல வளைத்துத் தோள்கள் மண்ணிற் படாதபடி காத்துக்கொள்கிறான். அந்தப் பாலம் எத்தனை விநாடி நிற்கிறதோ அத்தனை விநாடி அவனுக்கு ஆயுள்.

இதற்குச் சரித்திர சாட்சி ஒன்றும் உண்டு. 1910ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலண்டனில் நம் நாட்டு மகா மல்லர் காமாவும் போலந்து தேசத்து ஸ்பிஷ்கோவும் பொருதினர். காமாவின் வேகத்தைக் கண்ட ஸ்பிஷ்கோ தரையிலே குப்புறப் படுத்தவர்தாம்; இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் அவரைப் புரட்ட முடியவில்லை. போர் சமமாய் முடிந்தது. மறு போட்டிக்கு ஸ்பிஷ்கோ வராமையால் காமாவே வென்றவர் என்று அறிவித்தனர். பதினெட்டு ஆண்டு கழித்து, 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே அவருக்கு ஆகாயத்தைக் காட்டிவிட்டார். ஸ்பிஷ்கோவைப் படுக்க விடாமற் பிடித்துவிட்டதே காரியம் என்பது எங்கள் வஸ்தாதின் வியாக்கியானம்.

உடற்கூற்று நூலார் கூறுவதையும் இங்கே சிறிது சொல்லிவிடுகிறேன். மாணவ நேயர்களுக்குப் பயன்படும். மனிதனுடைய தலை ஏறத்தாழ ஐந்து கிலோ நிறையுள்ளது. அதனைத் தாங்கும் கழுத்தெலும்புகள் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழேதான் என்பது படைப்பின் விந்தை. முன் கழுத்தில், மார்பெலும்பிலும் காரையெலும்பிலும் தொடங்கிக் காதின் பின்னுள்ள எலும்பிற் சென்று சேரும் கயிறு போன்ற தசை இரு புறமும் உண்டு. முகத்தை வலப்புறம் திருப்பிக் கண்ணாடியிற் பார்த்தால் இடப்புறத் தசை எழுந்து நிற்பதைக் காணலாம். பின்புறத்திலோ மண்டையோட்டின் அடியிலிருந்து முதுகின் நடுப்பகுதிக்கும் கீழே வரை இறங்கி, தோள்பட்டையில் விரிந்து பற்றியிருக்கும் பெருந்தசை ஒன்று உண்டு. கேத்திரகணிதத்தில் நாம் சரிவகம் என்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரை ஒட்டியே ட்ரப்பீசியஸ் என்று அதற்குப் பெயர். எருதின் திமிலை நினைவூட்டுவது அதன் மேற்பகுதிதான். தோளை உயர்த்துவதும், தூக்கிய சுமையைத் தோள் தொய்யாமல் தாங்குவதும் அதன் வேலை. கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் பிடரியைக் கவனித்திருப்பவர்கள் இதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

தாலீமில் இத்தசைகளை வளர்க்கும் வழிகளிற் பல மிகப் பழையவை. மண் கொத்துவதைச் சொன்னேன். தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில். முதிர்ந்தவர்கள் ஆயிரத்தையும் தாண்டுகிறார்கள். கயிறு ஏறுதல், கர்லாக்கட்டை சுழற்றுதல், நீண்ட பிடியின் நுனியிலே கல் உருண்டை கோத்த கதையை முதுகின் பின்னால் சுழற்றி மறு தோளுக்குக் கொண்டுவருதல் என்பனவெல்லாம் பிடரிக்கும் தோளுக்கும் உரம் ஊட்டுவன. ஒருவன் முழங்காலும் கையும் ஊன்றி நிற்க, மற்றவன் அவன் தலையை இரு கையாலும் அழுத்த, அவன் எதிர்த்து நிமிர்கிறான். பிறகு இடமும் வலமும் அவ்வாறே. காசிப் பகுதியிலும் பஞ்சாபிலும் வட்டமாய்க் குடைந்த பெருங்கல்லைக் கழுத்திலே மாலையாய் அணிந்துகொண்டு பஸ்கி எடுக்கும் வழக்கம் உண்டு. ‘கர்நால்’ என்பது அதன் பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கச்சங்கிலி ஆசை, அங்கே கற்சங்கிலி.

புதிய முறைகளும் நுழைந்துவிட்டன. அக்கூடத்தின் பின்னறையிலே இரும்புத் தண்டுகளும் எடைத் தட்டுகளும் அடுக்கியிருந்தன. தரையிலிருந்து பாரத்தை நிமிர்ந்து தூக்குவதும், தூக்கிய பாரத்தைக் கையிலே தொங்கவிட்டபடி தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி இறக்குவதும் ட்ரப்பீசியஸ் தசைக்கு மிகச் சிறந்தவை என்பது இன்றைய பயிற்சியாளர் துணிபு. தலையில் வார்ப்பட்டை அணிந்து, அதிலிருந்து சங்கிலியால் எடைத் தட்டைத் தொங்கவிட்டுக் கழுத்தை நிமிர்த்தும் கருவியும் ஒன்று இருந்தது. பார்ப்பதற்கு அது சற்றுக் கடிவாளம் போலத்தான் இருக்கிறது. வஸ்தாத் அதனை வெறுக்கவில்லை, ஆயினும், “இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே தொங்கும், எதிராளி அப்படித் தொங்கமாட்டான்” என்றார். பையன்கள் அவர் பார்க்காத வேளையில் அந்த அறைக்குள்ளேதான் அதிகம் நுழைகிறார்கள்.

பழையதோ புதியதோ, அடிப்படை ஒன்றே. தசையானது தான் பழகிய பாரத்தைவிடச் சிறிது மிகுதியாகச் சுமந்து, பிறகு ஓய்வும் உணவும் பெறும்போதுதான் தடிக்கிறது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டிய பாரத்தை ஒரு வாரத்தில் ஏற்ற முனைபவன் கழுத்தெலும்புகளுக்கிடையே உள்ள மெத்தென்ற வட்டுகளைக் கெடுத்துக்கொள்கிறான். மேற்சொன்ன பாலத்தைப் புதிதாய் வந்த பையனுக்கு வஸ்தாத் கற்பிப்பதில்லை. முதலில் பல மாதம் கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைக்குப் பாதிப் பாரமே கொடுக்கச் சொல்கிறார். நம் மாணவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதேயில்லை. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையை அசையவிடாமல் எதிர்த்து அழுத்தி, பத்து விநாடி எண்ணி, பிறகு பிடரியிலும் இரு பக்கங்களிலும் அவ்வாறே செய்தால் ஆரம்பத்துக்குப் போதும். கையில் விறைப்போ நோவோ பரவினால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும். இது அழகுக்காக மட்டும் செய்யும் காரியமென்று எண்ணவும் வேண்டாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 6,700 பாடசாலை விளையாட்டு வீரரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, கழுத்தின் வலிமை ஓர் இறாத்தல் கூடுந்தோறும் மூளையதிர்ச்சி நேரும் வாய்ப்பு 5 வீதம் குறைந்திருந்தது. கைத்தொலைபேசியைப் பார்த்துக் குனிந்தே இருக்கும் நம் பிள்ளைகளுடைய கழுத்தை நினைத்தால் எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

கோலாப்பூரிலே இவ்வித்தை இவ்வளவு தழைத்ததற்கு ஒருவரே காரணர் எனலாம். அவர் சாகு மகாராஜா. 1874இல் பிறந்து, 1894 முதல் 1922இல் மறையும் வரை ஆண்டவர். பின்தங்கிய வகுப்பாருக்கு அரச உத்தியோகத்தில் பாதி இடத்தை ஒதுக்கி 1902ஆம் ஆண்டு ஜூலை மாதமே கட்டளை பிறப்பித்த பெருமகன். அவர் தாமே மல்லர். நாடெங்குமிருந்து மல்லர்களை வரவழைத்துச் சோறும் பாலும் தங்க இடமும் கொடுத்தார். ஐரோப்பா சென்றிருந்தபோது கண்ட உரோமாபுரி அரங்கத்தை மனத்திற்கொண்டு, திரும்பி வந்து அவர் கட்டுவித்த காஸ்பாக் மைதானம் 1912இல் திறக்கப்பட்டது. நான் போன அன்று அங்கே போட்டி எதுவும் இல்லை. வட்டமாய்ச் சரிந்திறங்கும் இருக்கைகளின் உச்சியில் ஏறி நின்று பார்த்தேன். நடுவிலுள்ள செம்மண் மேடை உள்ளங்கையில் வைத்தாற்போலத் தெரிகிறது. எந்தத் தூணும் கண்ணை மறைக்கவில்லை. பல்லாயிரம் பேர் அமர்ந்தாலும் கடைசியில் இருப்பவனும் குறைப்பட இடமில்லை. அரசருக்கும் உழவனுக்கும் ஒரே காட்சி கிடைக்கும்படி கட்டிய அரங்கம் அது.

இவ்வூர்க் கோதாவில் உருவானவர்தாம் காஷாபா ஜாதவ். 1926இல் கராட் நகரை அடுத்த கோலேஷ்வர் என்னும் கிராமத்தில் பிறந்து, கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியிற் பயின்றவர். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். மண்ணிலே பழகியவருக்கு அங்கு விரித்திருந்த மெத்தை புதிது. 1952இல் ஹெல்சிங்கிக்குச் செல்லப் பணம் இல்லை. ஊரவர் உதவினர், அவருடைய பழைய கல்லூரி அதிபர் தம் வீட்டையே ஈடு வைத்து ஏழாயிரம் ரூபா கொடுத்தார் என்று அவ்வூரார் இன்றும் சொல்கிறார்கள். அங்கே பெற்ற வெண்கலப் பதக்கம் சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதலாவது தனிநபர் பதக்கம். பதக்கத்தோடு மீண்டவரை நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகள் ஊர்வலமாய் அழைத்துச் சென்றனவாம். அவர் பெருத்த உடம்பினர் அல்லர். 57 கிலோ வகுப்பிலே பொருதியவர். பின்னர் பொலிஸ் சேவையிற் சேர்ந்து, 1984இல் வீதி விபத்தொன்றிற் காலமானார். வீட்டை ஈடு வைத்த அந்த அதிபரைப் பற்றி நான் அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் அத்தனை துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதன்று.

இப்பொழுது தாலீம்களுக்குக் கொடை கொடுக்க மகாராஜாக்கள் இல்லை. கிராமத் திருவிழாக்களில் நடக்கும் போட்டிகளின் பரிசுப் பணமே மல்லர்களுக்கு வருவாய். 2019 ஆகஸ்டில் பஞ்சகங்கை பெருக்கெடுத்து நகரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. மறு ஆண்டு கொள்ளைநோயால் திருவிழாக்களே நின்றன. அவ்விரண்டு ஆண்டுகளில் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பையன்களுட் பலர் மீண்டும் வரவில்லை என்றார் வஸ்தாத். சர்வதேசப் போட்டிகள் மெத்தையிலே நடப்பதால், மண்ணில் மட்டும் பயின்றவனுக்கு அங்கே இடம் அரிது. ஆகவே மாலையில் மெத்தை, காலையில் மண் என்று இரண்டையும் பழக்குகிறார்கள்.

வளரும் பயில்வான் ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டிய பால், நெய், அரைத்த வாதுமை, ஆட்டிறைச்சி ஆகியவற்றின் செலவு நம் போன்ற ஆசிரியர் குடும்பத்தை ஒரு மாதத்தில் கடனாளியாக்கிவிடும். அங்கே அதனைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சிறு உழவர்கள். நான் போயிருந்த அன்று அப்படிப்பட்ட தந்தை ஒருவர் நெய் டின்னும் வெல்லமுமாய் மகனைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு ஏக்கர் கரும்பு. ஓர் எருமையை விற்றாயிற்று. மகனுக்கு வயது பதினேழு. இருபதுக்குள் பேர் சொல்லும் போட்டியொன்றில் வென்றால் விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் பொலிசிலோ புகையிரதப் பகுதியிலோ உத்தியோகம் கிடைக்கலாம். இல்லையேல் கரும்பு வெட்டத் திரும்ப வேண்டியதுதான். அவனுக்குப் பின்னே மணமாகாத தங்கையர் இருவர்.

அவர் மடியிலிருந்து முடிச்சுகள் இட்ட ஒரு நூலை எடுத்து மகனுடைய கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். முன்பு வந்தபோது இட்ட முடிச்சுக்கும் இப்போதைய அளவுக்கும் இடையே ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வஸ்தாத் மட்டும், “நூலால் அளந்தால் நூல்தான் நீளும், பாவ்” என்று மெல்லச் சொன்னார். மராத்தியிலே உடன்பிறந்தானைப் போல விளிப்பது அது. பிறகு என்னைப் பார்த்து, “இவன் கழுத்து பரவாயில்லை, இடக்கால் சோம்பல்” என்றார். அந்தத் தந்தையின் காதில் விழும்படி அதை அவர் சொல்லவில்லை.

அன்று மாலை கங்காவேஸ் பக்கம் போனேன். எருமைகளை வீதியோரத்தில் நிறுத்தி, வாடிக்கையாளர் கண் முன்னே பால் கறந்து, நுரையோடு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது கோலாப்பூரின் பழைய வழக்கங்களில் ஒன்று. பயில்வான்கள் பலர் வரிசையாய் நின்றனர். அவர்களிடையே அந்தத் தந்தையும் மகனும் இருந்தார்கள். மகன் இரண்டு டம்ளர் பாலை நின்றபடியே குடித்து முடித்தான். தந்தை தமக்கு வேண்டாமென்று கையால் மறுத்துவிட்டு, பஸ்சுக்கு வேண்டிய சில்லறையைத் தனியே எடுத்து எண்ணி, மீதியை மகனுடைய சட்டைப்பையில் வைத்தார்.